பேர் போடாத நம்பர்

சாமிநாதன் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழம்புக் கரண்டி தட்டுக்கு மேலே வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அலமாரியில் இருந்த போன் டிங் என்றது. பத்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். போனை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

“இன்னாவாம்?” என்றார் சாமிநாதன்.

“தொப்பை கரையறதுக்கு மருந்து இருக்குதாம்.”

அவள் வந்து உட்கார்ந்து மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தாள். மறுபடி டிங். மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை லண்டனில் அவளுக்கு லாட்டரி விழுந்திருந்தது.

“அவனயே வந்து கொழம்ப ஊத்திட்டுப் போவச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு, சாமிநாதன் வெறும் சோற்றில் மோரை விட்டுக்கொண்டார்.

அந்தப் போனை வாங்கி வந்தது மகள் சினேகா. அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்தாள். அது 2009ஆம் வருஷம். மெயிலெல்லாம் கையிலேயே வந்து விழுகிற போன் அம்மையார்குப்பத்தில் அப்போது அது ஒன்றுதான் இருந்திருக்கும். பத்மாவுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. வீட்டுத் தறியில் ஓடுகிற சேலையையும் தெருவில் நாலு வீட்டுச் சேலையையும் சேர்த்து, நடுவில் யாருமில்லாமல் தானே விற்கிறேன் என்று கிளம்பி, திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தாள். அங்கே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கச் சேலை. ரயிலில் வந்து இறங்குகிற வியாபாரி நடந்தே வந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். காலையில் அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் திருத்தணி போவார்கள். மகள் ரயிலேறுவாள், அம்மா கடை திறப்பாள். சாமிநாதன் வீட்டை ஒட்டியிருந்த ஷெட்டில் நாலு பவர்லூம் தறிகளோடு இருப்பார். அவருக்கு அதில் குறையொன்றும் இல்லை. பெண்டாட்டி சாமர்த்தியக்காரி என்று டீக்கடையில் யாராவது சொன்னால், கேட்காதது மாதிரி இருந்துகொண்டு இன்னொரு தடவை சொல்கிறார்களா என்று பார்ப்பார்.

தறி ஷெட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு தறியும் ஓடும்போது உள்ளே இடி விழுந்தாலும் தெரியாது. கூப்பிட்டால் கேட்காது. வேலைக்கு வருகிற வேடியப்பன் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து தோளைத் தொடுவான். பால்காரர் வாசலில் நின்று துண்டை ஆட்டுவார். பத்மா மட்டும் உள்ளே வரமாட்டாள். பஞ்சுத்தூசி அவளுக்கு ஆகாது. கதவோரத்தில் இருக்கிற சுவிட்சைத் தட்டுவாள். சாமிநாதன் தலைக்கு மேலே தொங்குகிற குண்டு பல்பு ஒரு தடவை அணைந்து எரியும். கரண்ட் போனால் தறியும் நின்றுவிடும். தறி ஓடும்போதே பல்பு அணைந்தால் அது பத்மாதான். அவர் தறியை நிறுத்திவிட்டு வருவார். வரத் தாமதமானால் பல்பு இன்னொரு தடவை அணையும், இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோடு. அந்தச் சுவிட்சில் வேறு யாரும் கை வைத்ததில்லை. வைக்கக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் போன் இன்னும் பலமுறை டிங் என்றதும், சினேகாவே கையைக் கழுவிக்கொண்டு வந்து அதை எடுத்துக்கொண்டாள்.

“எம்மா, இதுக்கு ஒரு வழி பண்ணிடறேன். வர்றதுக்கெல்லாம் மணியடிக்க வாணாம். முக்கியமானவங்க மெயில் வந்தா மட்டும் அடிக்கட்டும். மத்ததெல்லாம் சத்தமில்லாம உள்ள போயி உக்காந்துகினு இருக்கும். ஞாயித்துக்கிழம சாயந்திரம் ரெண்டு பேரும் ஒண்ணா பாத்துக்கலாம். யாரு யாரு முக்கியம், சொல்லு.”

பத்மா யோசித்தாள். “சௌகார்பேட்ட சேட்டுவ போடு. புத்தூரு பங்காருவ போடு, அவரு உடனே பதில் சொல்லலன்னா வேற எடத்துல எடுத்துடுவாரு. ஈரோட்டு ஏஜென்டு. பாங்க்கு மேனேஜரு. சாயப்பட்டறைக்காரரு. நீ ஒருத்தி.”

“நைனா?” என்றாள் சினேகா.

“அவரு இன்னாத்துக்கு? அவருதான் இங்கியே இருக்காரே.”

சாமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பத்மா சொன்னதில் தப்பு என்று எதையும் எடுத்துக்காட்ட முடியாது. அவர் இங்கேதான் இருக்கிறார். கட்டில் இங்கே இருக்கிறது, ஆட்டுக்கல் இங்கே இருக்கிறது, அவரும் இங்கே இருக்கிறார். ஆனாலும் சாயப்பட்டறைக்காரருக்கு மணியடிக்கும் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. சரியான நேரத்துக்கு ஒரு தடவைகூடச் சாயம் போட்டுக்கொடுக்காத ஆள் அது.

போன் சொன்னபடி அடங்கிவிட்டது. குழம்பு ஒழுங்காகத் தட்டுக்கு வந்தது. ஆனால் அபூர்வமாக அது டிங் என்கிறபோது பத்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோவதைச் சாமிநாதன் இப்போதுதான் கவனித்தார். முன்பெல்லாம் எரிச்சலோடு எழுந்தவள், இப்போது யாரோ வேண்டியவர் வாசலில் வந்து நிற்கிற மாதிரி எழுந்து போனாள். “பங்காருதான்,” என்று சொல்லிக்கொண்டே போனாள். பங்காரு எழுபது வயசு மனுஷர், நல்லவர், வரும்போதெல்லாம் மாம்பழம் கொண்டுவருவார். அவர் மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று சாமிநாதனுக்கே தெரிந்தது. தெரிந்தால் மட்டும் நின்றுவிடுமா?

அவருக்குள் வேறொன்றும் கிடந்து உறுத்தியது. திருத்தணி முருகன் மலை இத்தனை பக்கத்தில் இருந்தும், சினேகாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தியதற்குப் பிறகு அவரும் பத்மாவும் சேர்ந்து ஒரு தடவைகூட மலையேறியதில்லை. அவள் எத்தனையோ கிருத்திகைக்குக் கேட்டாள். “தறி ஓடிகினு கீதே,” என்பார் அவர். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கடையைச் சாத்திவிட்டு மகளோடு போய்வந்து, அவர் நெற்றியில் விபூதியை இட்டுவிடுவதோடு சரி. கேட்டுக்கொண்டே இருந்தவள் எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அதுதான் அவரை அதிகமாகக் கஷ்டப்படுத்தியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்மா அவர் பெயரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் மகளைத் திரும்பிப் பார்ப்பாள். அது அந்தப் பக்கத்தில் அவள் வயசுப் பெண்களுக்கு வழக்கம்தான். ஆனால் அவளுக்கு வாய்த்த புருஷனுக்கோ முருகனுடைய பெயர், அவள் வாழ்வதோ தணிகை மலைக்குப் பக்கத்தில். கிருத்திகையன்று வீட்டில் விளக்கேற்றிப் பாடும்போது எல்லாப் பெயரையும் வாய்விட்டுப் பாடுவாள், ‘சாமிநாதா’ வருகிற இடத்தில் மட்டும் உதட்டை மூடிக்கொள்வாள். பாட்டில் அங்கே ஒரு பள்ளம் விழும். சினேகா சின்ன வயசில் அதுதான் பாட்டு என்று நினைத்துக்கொண்டு, அவளும் அதே இடத்தில் வாயை மூடிக்கொள்வாள்.

புதன்கிழமை தறிக்கு ஒரு பல்சக்கரம் வாங்கத் திருத்தணிக்குப் போன சாமிநாதன், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பத்மாவின் கடை இருக்கிற பக்கம் திரும்பாமல் பஜார் தெருவுக்குள் நுழைந்தார். அங்கே பரணிதரனின் பிரவுசிங் சென்டர் இருந்தது. பரணிதரனுக்கு முப்பது வயசிருக்கும். சினேகா காலேஜுக்கு விண்ணப்பம் போட்டதெல்லாம் அங்கேதான்.

“எனக்கு ஒரு மெயில் ஐடி வோணும்,” என்றார் சாமிநாதன்.

“இன்னாத்துக்குண்ணா? பாஸ்போர்ட்டா?”

“ஐடி வோணும்னா வோணும்.”

பரணிதரன் தட்டினான். பெயர் கேட்டான், பிறந்த தேதி கேட்டான். யாருக்கும் சொல்லாத ஒரு வார்த்தையை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னான். சாமிநாதன் உரக்கவே ‘பத்மா’ என்றார். பரணிதரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையே போட்டான். யாருக்கு அனுப்ப வேண்டுமென்று கேட்டபோது, சாமிநாதன் சட்டைப்பையிலிருந்து பத்மாவின் கடை அட்டையை எடுத்து நீட்டினார். அதில் அவள் மெயில் ஐடி தங்க எழுத்தில் இருந்தது.

“அக்காவுக்கா? கட ரெண்டு தெரு தள்ளிதானண்ணா இருக்குது.”

“தெரியும். நீ அடி.”

அடுத்தவனிடம் சொல்லி எழுதச் சொல்லும்போது சொல்ல நினைத்ததில் முக்கால்வாசி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பஸ்ஸில் வரும்போது அவர் மனசுக்குள் நீளமாக எழுதி வைத்திருந்தார். நீ கேட்டபோதெல்லாம் நான் தறியைச் சாக்குச் சொன்னேன், அது தப்பு என்றுகூட அதில் இருந்தது. கடைசியில் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: ஞாயித்துக்கிழமை தறி நிறுத்தறேன். நீயும் நானும் மலைக்குப் போலாம். சாமிநாதன்.

“பேருக்கு முன்னால ‘இப்படிக்கு அன்புள்ள’ன்னு ஒண்ணு போட்டுடட்டுமா?”

“ஒண்ணும் வாணாம்.”

அம்பு பறந்து போவது மாதிரி ஒரு படம் ஓடி, போய்விட்டது என்றான் பரணிதரன். சாமிநாதன் தெருவுக்கு வந்து, ஸ்டேஷன் பக்கமாகக் காதைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். லாரியும் பஸ்ஸும்தான் கேட்டன. இந்நேரம் அங்கே மணியடித்திருக்கும், பெயரைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸேறினார். தன் பெயரைப் பார்த்தால் அந்தப் போனுக்கே தெரிந்துவிடும் என்றுதான் அவர் நம்பினார். சேட்டுவைத் தெரிகிற போனுக்கு வீட்டு மனுஷனைத் தெரியாமல் போகுமா?

சாயந்திரம் பத்மா வந்தாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள், கீரை ஆய்ந்தாள். பங்காருவுக்கு மஞ்சள் சேலை பிடிக்கவில்லை என்று சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. மகள் இருக்கும்போது சொல்ல வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று சாமிநாதன் நினைத்துக்கொண்டார். வியாழக்கிழமையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வேண்டுமென்றே சமையலறையில் போய் நின்றார். “இன்னாங்க, தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். வேண்டாத தண்ணீரை ஒரு சொம்பு குடித்துவிட்டு வந்தார். சனிக்கிழமை அவருக்குக் கொஞ்சம் பயமே வந்துவிட்டது. படித்துவிட்டு, வேண்டாம் என்று இருந்துவிட்டாளோ? இத்தனை வருஷம் இவர் வராததற்கு இப்போது நான் எதற்கு வர வேண்டும் என்று நினைத்துவிட்டாளோ? நினைத்தால் அதுவும் நியாயம்தான். அப்படியிருந்தும் அவர் வேடியப்பனிடம், நாளைக்குத் தறி கிடையாது என்று சொன்னார்.

“யாருக்குண்ணா கல்யாணம்?”

“யாருக்கும் இல்ல. நீ லீவு எடுத்துக்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, பெட்டியில் மடித்துவைத்திருந்த அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பத்மா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தாள்.

“எங்கனா விசேஷமா? எனக்குச் சொல்லவே இல்லியே.”

“இல்ல,” என்றார்.

“அப்ப வேட்டி அழுக்காவப் போவுது.”

அவ்வளவுதான். அவள் திரும்பி மாவை வழிக்க ஆரம்பித்தாள். சாமிநாதன் அப்படியே உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு எழுந்து, வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டார், லுங்கியைக் கட்டிக்கொண்டார், ஷெட்டுக்குப் போனார். நாலு தறியையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். அழ வேண்டும் போல இருந்தது. ஐம்பது வயசில் எவனாவது மெயிலுக்கு பதில் வரவில்லையென்று அழுவானா? நல்லவேளை, அந்தச் சத்தத்தில் எது கேட்கப் போகிறது.

சாயந்திரம் வெயில் இறங்குகிற நேரம். அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே பல்பு அணைந்து எரிந்தது. கரண்ட் என்று நினைத்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது. பல்பு மறுபடி அணைந்தது, எரிந்தது, உடனே மறுபடி அணைந்தது. இப்படி ஒரு நாளும் அடித்ததில்லை. அவர் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். கதவில் பத்மா நின்றிருந்தாள். ஒரு கை சுவிட்சிலேயே இருந்தது, இன்னொரு கையில் போன். பின்னால் சினேகா.

“இது நீங்க அனுப்பிச்சதா?”

“பேரு போட்டிருக்குதே.”

“பொதங்கெழமையே அனுப்பிச்சிருக்கீங்க.”

“ஆங்.”

“தொப்ப மருந்துக்கும் லாட்டரிக்கும் நடுவுல கெடந்துச்சு. இப்பதான் பாக்கறோம்.” அவள் குரல் உடைந்திருந்தது. “இதுக்குதான் காலைல வேட்டி கட்டிகினு உக்காந்துகினு இருந்தீங்களா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

சாமிநாதன் கையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உனக்கு மணியடிக்கும்னு பாத்தேன். எல்லாருக்கும் அடிக்குதே.”

 சினேகா நடுவில் புகுந்தாள். “ஐடியச் சேத்தாதான் நைனா அடிக்கும். இரு, உன் பேருல இதப் போட்டுடறேன், முடிஞ்சிது.” போனை வாங்கி அழுத்திக்கொண்டே போனாள். மேலும் கீழும் தள்ளித் தேடினாள். “எம்மா, நைனாவ எந்தப் பேருல போட்டு வெச்சிருக்க? சாமிநாதன்னும் இல்ல, நைனான்னும் இல்ல.”

பத்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

“இல்லியா?” என்றார் சாமிநாதன்.

“இல்ல நைனா. வேடியப்பண்ணன் இருக்காரு. பால்காரரு இருக்காரு. கேஸு கம்பெனி கூட இருக்குது.”

சாமிநாதன் நின்ற தறியின் மேல் கையை வைத்துக்கொண்டார். சாயப்பட்டறைக்காரர் இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டவருக்கு, கேஸ் கம்பெனி இருந்தது தாங்கவில்லை.

“எப்படிப் போடுவேன் நானு?” என்றாள் பத்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. “அந்தப் பேர நான் எப்படி அதுல அடிக்கறது?”

சினேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாயால சொல்லமாட்ட, சரி. வெரலால கூடவா?”

“வெரலு இன்னா, வேற வீட்டு வெரலா?” என்று மகளிடம் சீறினாள். பிறகு சாமிநாதனைப் பார்த்துச் சொன்னாள். “பேரு பாத்து யாருன்னு தெரிஞ்சிக்கறது மத்தவங்கள. உங்க நம்பரு வெறும் நம்பராதான் வரும். பேரில்லாம வர்றதுல எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது அது ஒண்ணுதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேக்கறீங்களா?”

கேட்காமலேயே சொன்னாள். பத்து எண்ணையும் நிறுத்தாமல், பாட்டு மாதிரி சொன்னாள். சாமிநாதனுக்குத் தன் நம்பர் தனக்கே மனப்பாடமில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே ஏதோ இளகிப்போய், சிரிக்கலாமா என்று யோசித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் சரிதான், மணியடிக்கணும்னா ஏதாவது ஒரு பேரு போட்டுதான் ஆவணும். காலியா விட்டா போன் ஒத்துக்காது,” என்றாள் சினேகா. “நைனான்னு போடவா?”

“அவரு உனக்குதான் நைனா.”

“அப்ப நீயே போட்டுக்க.”

பத்மா போனை வாங்கிக்கொண்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி நின்று ஏதோ அழுத்தினாள். திருப்பித் தந்தபோது சினேகா எட்டிப் பார்த்து, “ஒரு புள்ளி வெச்சிருக்காங்க நைனா,” என்றாள். சாமிநாதனும் எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி பெயர்களெல்லாம் அடுக்காக நின்றன. பங்காரு, பாங்க் மேனேஜர், ஈரோட்டு ஏஜென்ட் எல்லோரும் கீழே இருந்தார்கள். எல்லோருக்கும் மேலே, முதல் எழுத்துக்கும் முன்னால், தன்னந்தனியாக அந்தப் புள்ளி.

“மேல போயி உக்காந்துகினு இருக்குது பாரும்மா,” என்றாள் சினேகா.

“இருக்கட்டும்,” என்றாள் பத்மா. “வேட்டியக் கட்டுங்க. கடைசி பஸ்ஸுக்குள்ள திரும்பி வந்துரணும்.”

போனை மகளிடமே கொடுத்துவிட்டு வந்தாள். சேட்டு மெயில் வந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மலைப்படி ஏறும்போது சாமிநாதனுக்கு மூச்சு வாங்கியது. ஒரே இடத்தில் நின்று வேலை செய்தே பழகிய கால். பத்மா இரண்டு படி முன்னால் போய் நின்று, தனக்கும் வலிக்கிற மாதிரி முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கீழே சென்னை ரயில் ஸ்டேஷனை விட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் யாரோ ஆந்திராப் பக்கத்துக்காரர்கள் பஜனை பாடினார்கள். பத்மாவும் கூடவே முணுமுணுத்தாள். ‘சாமிநாதா’ வந்ததும் உதடு மூடியது. இத்தனை வருஷம் பாட்டைக் கேட்டவர், அன்றுதான் அந்த மூடின உதட்டைப் பார்த்தார். திரும்பத் திரும்ப அந்த அடி வராதா என்று காத்துக்கொண்டிருந்தார். பஜனைக்காரர்கள் நல்லவர்கள், நிறையத் தடவை பாடினார்கள்.

அடுத்த வாரம் இன்னொரு பல்சக்கரம் தேவைப்பட்டது. உண்மையில் தேவைப்படவில்லை. பரணிதரன் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

“இன்னா எழுதட்டும்ணா?”

“ஒண்ணும் எழுதாத. அப்படியே அனுப்பு.”

“வெறும் மெயிலா? அக்கா பாத்துட்டு இன்னாவோன்னு நெனச்சிக்கும்.”

“நெனச்சிக்கட்டும்.”

அவர் கடைப்பக்கம் போகவில்லை. நேரே பஸ்ஸேறி வந்து, லுங்கி மாற்றிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். சாயந்திரம் பஸ் வருகிற நேரமாயிற்று. வேடியப்பன் கிளம்பிப் போனான். சன்னலில் வெளிச்சம் மங்கி, பல்பின் மஞ்சள் ஒளி தறியின் பாவு நூல் மேல் விழத் தொடங்கியது. தறி நாலும் ஓடிக்கொண்டிருந்தன. பல்பு ஒரு தடவை அணைந்து எரிந்தது. சாமிநாதன் திரும்பவில்லை. நூலைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு, இன்னொரு தடவை அணையட்டும் என்று நின்றார்.